சிறு கழகங்கள் சமூக நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்கள் ஏன் தள்ளப்படுகின்றன?

கேள்வி: எங்கள் விளையாட்டுக் கழகத்துக்காக மூன்று நிதியங்களுக்கு விண்ணப்பித்தோம். மூன்றிலிருந்தும் வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்துவிட்டது. நாங்கள் நடத்தும் மாலை வகுப்பு, பக்கத்துப் பள்ளிக்கு நூலகம், வீரர்களுக்குச் சீருடை, மைதானத்துக்கு விளக்கு என்று எல்லாத் தேவைகளையும் விளக்கமாகவே எழுதியிருந்தோம். நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரை வைத்து மறுபடி எழுதினால் கிடைக்குமா?

பதில்:

கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். சிக்கல் மொழியில் இல்லை. ஒரே விண்ணப்பத்தில் நான்கு வேலைகளுக்குப் பணம் கேட்டிருக்கிறீர்கள். உங்களைப் பொறுத்தவரை நான்கும் ஒரே கழகத்தின் தேவைகள். படிப்பவருக்கு அவை நான்கு தனித் திட்டங்கள், ஒன்றுகூட முழு விவரத்தோடு இல்லை.

ஒரு சமூக நிதியத்தின் தேர்வுக் குழுவில் சில ஆண்டுகள் விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். அதற்கு முன்பு ஒரு சிறிய அமைப்பில் பொருளாளராக இருந்து நிதி கேட்டும் எழுதியிருக்கிறேன். நல்ல வேலை செய்யும் சின்னக் கழகங்கள் தோற்றுப்போவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனம் வலிக்கும். ஏனென்றால் பெரும்பாலும் அவை தோற்பது வேலையின் தரத்தால் அல்ல. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நிதியம் வைத்திருக்கும் பணம் ஏற்கெனவே ஏதோ ஒரு கட்டுப்பாட்டுக்குள் இருக்கும். உலகின் முதல் சமூக அறநிதியம் 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தொடங்கியது. அதை உருவாக்கிய பிரெடெரிக் காஃப் ஒரு வங்கியாளர். செல்வந்தர்கள் உயிலில் எழுதிவைத்த நோக்கங்கள் காலாவதியாகிவிட, பணம் யாருக்கும் பயன்படாமல் முடங்கிக் கிடப்பதை அவர் பார்த்தார். பலருடைய கொடையை ஒன்றாகச் சேர்த்து, அந்தந்தக் காலத்தின் தேவையை ஒரு குழு முடிவு செய்யட்டும் என்பதுதான் அவர் கண்ட வழி. இன்று நீங்கள் எதிர்கொள்ளும் தேர்வுக் குழுக்களுக்கு முன்னோடி அது. பிரிட்டனில் 1994இல் தொடங்கிய தேசிய லாட்டரியின் வருவாயில் ஒரு பங்கு நற்பணிகளுக்குப் போகிறது. விளையாட்டு, கலை, மரபுச் சின்னங்கள், சமூகப் பணி என்று அதைப் பகிர்ந்தளிக்கத் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. அங்கே ஒரு துறைக்கான பங்கிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது.

இந்தியாவில் நிறுவனங்களின் சி.எஸ்.ஆர் நிதியை, அதாவது சமூகப் பொறுப்புக்கென அவை செலவிடும் பணத்தை, எடுத்துக்கொண்டால் கட்டுப்பாடு இன்னும் துல்லியம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். எதற்குச் செலவிடலாம் என்பது அதே சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. விளையாட்டும் அதில் உண்டு, ஆனால் வாசகத்தைக் கவனியுங்கள்: கிராமப்புற விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, பாராலிம்பிக், ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றை வளர்ப்பதற்கான பயிற்சி. ஒரு நாள் மாரத்தான், பரிசளிப்பு விழா போன்றவை சி.எஸ்.ஆர் செலவாகக் கொள்ளப்படமாட்டா என்று அரசு 2014லேயே தெளிவுபடுத்திவிட்டது. நிறுவனத்தின் பெயரைச் சட்டையில் போட்டு விளம்பரம் தேடித் தரும் ஸ்பான்சர்ஷிப்பும் இதில் சேராது. ஆகவே 'எங்கள் சீருடையில் உங்கள் பெயரைப் போடுகிறோம்' என்று நீங்கள் ஆசையோடு எழுதும் வரியே நிறுவனத்தின் சி.எஸ்.ஆர் அதிகாரியின் கையைக் கட்டிப்போட்டுவிடும். விளம்பரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. சி.எஸ்.ஆர் பணியை வெளி அமைப்பின் மூலம் செய்வதென்றால், நிறுவனம் தானே தொடங்காத அமைப்புக்கு வருமான வரித்துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகளும், அதே மாதிரியான வேலையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் சி.எஸ்.ஆர்-1 என்ற படிவத்தில் பதிவு எண்ணும் பெற்றிருக்க வேண்டும். இவை இல்லாத கழகம் எவ்வளவு அழகாக எழுதினாலும் கோப்பு மேலே நகராது. அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. பதிவுள்ள, ஏற்கெனவே அதே வேலையைச் செய்யும் ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து, அவர்கள் பெயரில் திட்டத்தை வைத்து நீங்கள் களத்தில் வேலை செய்யலாம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பதிவில்லாத சிறு குழுக்கள் இப்படி ஒரு தாய் அமைப்பின் நிழலில் நிதி பெறுவது வெகு சாதாரணம். ஆனால் பணம் யார் கணக்கில் வரும், பில் யாரிடம் இருக்கும், வாங்கிய பொருள் கடைசியில் யாருடையது என்பதை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். நட்பாகத் தொடங்கி இந்த மூன்று கேள்வியில் முறிந்துபோன கூட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

இனி விண்ணப்பம் எப்படிப் படிக்கப்படுகிறது என்பதற்கு வருகிறேன். நான் முதலில் திறப்பது பட்ஜெட் பக்கம். என்னோடு இருந்த பலரும் அப்படித்தான். என்ன செய்யப் போகிறார்கள் என்பதை முன்னுரையைவிட அந்தப் பக்கம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும். 'விளையாட்டுப் பொருள்கள்' என்று ஒரே வரியில் ஒரு முழு எண் இருந்தால், இன்னும் யாரும் கடைக்குப் போய் விலை கேட்கவில்லை என்று பொருள். 'இதரச் செலவுகள்' பெரிதாக இருந்தால் திட்டம் இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். கேட்ட தொகை அந்த நிதியத்தின் உச்சவரம்போடு அப்படியே பொருந்தினால், தேவையிலிருந்து தொகைக்கு வராமல் தொகையிலிருந்து தேவைக்கு வந்திருக்கிறார்கள் என்ற ஐயம் எழும். எண்ணிக்கை, ஒன்றின் விலை, மொத்தம், பக்கத்தில் கொட்டேஷன். இந்த நான்கும் இருந்தால் சாதாரணத் தமிழில் எழுதிய விண்ணப்பமும் நிற்கும்.

உங்கள் மைதான விளக்கையே பார்ப்போம். கம்பம், விளக்கு, ஒயரிங் மூன்றுக்கும் விலை போட்டிருப்பீர்கள். குழுவில் எழும் கேள்விகள் வேறு. மைதானம் யாருடையது? அவர்கள் எழுத்தில் அனுமதி தந்திருக்கிறார்களா? மாதாமாதம் மின்கட்டணம் யார் கட்டுவது? விளக்கு பழுதானால் மாற்றப் பணம் எங்கிருந்து வரும்? பக்கத்து வீடுகளின் சன்னலில் வெளிச்சம் அடிக்குமா, அவர்களிடம் பேசியாகிவிட்டதா? எட்டு மணிக்கு மேல் மைதானத்துக்குப் பொறுப்பு யார்? இவற்றுக்கு விண்ணப்பத்திலேயே பதில் இருந்தால், எழுதியவர்கள் இதை நடத்தப் போகிறவர்கள் என்ற நம்பிக்கை வந்துவிடும்.

அதற்கும் மேல், விளக்கு எதற்கு என்ற கேள்வி. 'இளைஞர்களின் விளையாட்டுத் திறன் மேம்படும்' என்பது எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும் வரி. 'எங்கள் பெண்கள் அணியில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் வரும்போது இருட்டிவிடுகிறது, அதனால் வாரத்தில் விடுமுறை நாளில் மட்டும் பயிற்சி. விளக்கு வந்தால் வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி நடக்கும்' என்று ஒருவர் எழுதினால் அதை மறுக்க மனம் வராது. ஓராண்டு கழித்து வருகைப் பதிவேட்டைப் புரட்டி அது நடந்ததா என்று பார்க்கவும் முடியும்.

பயனாளிகள் எண்ணிக்கையை ஊதிப் பெருக்காதீர்கள். நேரடியாகப் பயன்பெறுவோர் நாற்பது பேர், 'மறைமுகமாக' பத்தாயிரம் பேர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்த நாற்பது பேரைப் பற்றி நான்கு வரி கூடுதலாக எழுதுங்கள். அதுதான் நினைவில் தங்கும்.

பள்ளி நூலகத்தை இந்த விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அது தேவையற்றது என்பதால் இல்லை. பள்ளிக்காகக் கேட்பதென்றால் பள்ளியே, அல்லது அதன் பெற்றோர் ஆசிரியர் கழகமே முன்னால் நிற்க வேண்டும். தலைமை ஆசிரியர் ஒருவரின் ஆர்வத்தில் ஓடும் திட்டம் அவர் மாறுதலாகிப் போனதும் நின்றுபோகும். நிதியங்களுக்கு அது நன்றாகத் தெரியும். அரசு தன் கடமையாகச் செய்ய வேண்டியதை நன்கொடையால் நிரப்பவும் பலர் தயங்குவார்கள். அரசு தருவதற்கு மேல் நீங்கள் என்ன சேர்க்கிறீர்கள் என்று காட்ட வேண்டும். நூலகம் என்றதும் எனக்கு எப்போதும் ஆதங்கம் தரும் ஒன்று: புத்தகம் வாங்கிக் கொடுத்த பிறகு, தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பீரோவைப் பூட்டிவைத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் கண்ணாடி வழியாக அட்டையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆண்டுக்கு இத்தனை புத்தகம் கிழியும், தொலையும் என்று பட்ஜெட்டிலேயே ஒரு தொகை ஒதுக்கி, அதைப் பள்ளியும் நிதியமும் ஒப்புக்கொண்டால் இந்தப் பயம் போய்விடும். இரவல் பொறுப்பாளருக்கு ஒரு சிறு மதிப்பூதியத்தையும் சேர்த்துக் கேட்கலாம்.

ஊதியம் என்று எழுதவே சிறு அமைப்புகள் கூச்சப்படுகின்றன. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 'நாங்கள் அனைவரும் சேவையாகச் செய்கிறோம், ஒரு பைசா வாங்குவதில்லை' என்ற வரி பெருமைக்குரியதுதான். ஆனால் மாலை வகுப்பு எடுக்கும் அந்த ஒருவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தால் வகுப்பு அன்றோடு முடிந்துவிடும். ஆசிரியருக்கு மதிப்பூதியம், வாடகை, மின்கட்டணம், கணக்குத் தணிக்கைக் கட்டணம் எல்லாமே வேலையின் உண்மையான செலவுகள். மறைத்து எழுதினால் அடுத்த ஆண்டு அவற்றை உங்கள் சொந்தப் பையிலிருந்து கட்டுவீர்கள், கழகம் மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும். கொடுப்பவர்களும் இதை உணரத் தொடங்கியிருக்கிறார்கள். அமெரிக்கக் கொடையாளர் மெக்கன்சி ஸ்காட் 2020 முதல், இதற்குத்தான் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லாமல் பெருந்தொகைகளை அமைப்புகளுக்குக் கொடுத்துவருகிறார்.

இந்தியாவில் சிலர் 'நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சி.எஸ்.ஆர் விதியே அப்படித்தான்' என்று சிறு அமைப்புகளிடம் சொல்வதுண்டு. அந்த 5 சதவீதம், நிறுவனம் தன் சொந்த சி.எஸ்.ஆர் நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கான வரம்பு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியிலேயே இருக்கிறது. பணிவாக இதை எடுத்துச் சொல்லுங்கள். வெளிநாட்டு நிதி வேறு கதை. அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம்தான் வரம்பு, வாங்கிய தொகையை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது.

உங்கள் பங்கையும் எழுதுங்கள். உறுப்பினர் சந்தா, இலவசமாகக் கிடைத்த இடம், தன்னார்வலர்களின் உழைப்பு மணிநேரம் எல்லாம் பங்குதான். அந்த வேலைக்கு வெளியில் என்ன கூலி கொடுப்பார்களோ அதையே மணிக்குக் கணக்கிட்டுப் போடுங்கள், அதைவிட உயர்த்திக் காட்ட வேண்டாம்.

பணம் எதற்குப் போக வேண்டும் என்று மக்களே கூடி முடிவெடுக்கும் முறையும் உண்டு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989இல் தன் பட்ஜெட்டின் ஒரு பகுதியை இப்படிக் குடியிருப்போரின் கூட்டங்களுக்கு விட்டது, பிறகு பல நாடுகளில் பரவியது. உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இருந்தால் தாளைவிட அக்கம்பக்கத்தாரோடு பேசுவதற்கே நேரம் செலவிட வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: நான்கில் மாலை வகுப்பை மட்டும் முதலில் எடுங்கள். ஏற்கெனவே நடக்கிறது, பிள்ளைகளின் பெயர் இருக்கிறது, தொகையும் சிறியது. சிறு நிதியைக் கேட்டு வாங்கி, சொன்னபடி செலவழித்து, பில்லோடு அறிக்கை கொடுத்த கழகத்துக்கு அடுத்த முறை கதவு எளிதாகத் திறக்கும். இடையில் ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் செலவழிப்பதற்கு முன்பே கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். மறுத்த மூன்று நிதியங்களுக்கும் நன்றி சொல்லி, எந்த இடத்தில் குறைந்தோம் என்று ஒரு வரி கேட்டு எழுதுங்கள். ஒருவராவது பதில் தருவார். புதிதாக விண்ணப்பிக்கும் முன் தொலைபேசியில் பேசி, இந்த வேலை உங்கள் வரம்புக்குள் வருமா என்று கேட்டுவிடுங்கள். விளக்குக்கான கொட்டேஷனை இப்போது வாங்க வேண்டாம், விண்ணப்பிக்கும் நேரத்தில் விலை மாறியிருக்கும். மைதானத்துக்கு உரியவரிடம் அனுமதிக் கடிதம் கேட்டு மட்டும் இந்த வாரமே எழுதிப் போடுங்கள். எல்லாவற்றிலும் அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.