பதில்: பெரியவனே ஜெயிக்கிறான், சின்னவள் அழுகிறாள்

வணக்கம். 6 வயது மகள், 11 வயது மகன், கூடவே பாட்டி. வெளியே மே மாத வெயில், உள்ளே கேரம் போர்டால் தினமும் சண்டை என்று எழுதியிருந்தீர்கள். கை பழகியவன்தான் ஜெயிப்பான் என்கிற விளையாட்டை எல்லாம் கொஞ்ச நாள் பரணில் போடுங்கள்.

எங்கள் வீட்டில் ஓடுவது 'அப்பள வாய்'. பொரித்த சின்ன அப்பளத்தை உதட்டில் கவ்விக்கொண்டு, "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் சறுக்கி வழுக்கி விழுந்தான்" என்று சொல்ல வேண்டும். 'ப்ப' வரும்போது உதடு ஒட்டியே ஆகணும், அங்கேதான் நொறுங்கும். உடைந்தால் அவுட், ஆனால் அப்பளம் உங்களுக்கே. பல்செட்டைக் கழற்றிவிட்டு உட்காரும் பாட்டியை ஜெயிக்கவே முடியாது!

அப்புறம் தாயக்கட்டை இருந்தால் காயே வேண்டாம். தாயம் விழுந்தால் அப்பா மாதிரி போன் பேசணும், ஐந்துக்கு ஆட்டுக்குட்டி, பன்னிரண்டுக்குப் பாட்டியைச் சிரிக்க வைக்கணும். எந்த எண்ணுக்கு என்ன கூத்து என்பதைச் சின்னவளே முடிவு செய்யட்டும். அதை எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் பெரியவன் நடுவில் ரூலை மாற்றுவான்.