மொட்டைமாடி டிராகன்: வடசென்னைக்காரர்கள் கேட்டவை

காசிமேட்டில் பல காலமாகப் புறா வளர்ப்பவன் நான். இப்போது அதே மாடியில் டிராகனும் இருக்கிறது. புறாவைப் பழக்கத் தெரிந்தவருக்கு டிராகன் பெரிய விஷயமில்லை, தீ மட்டும்தான் கூடுதல். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "என்ன விலை, எங்கே கிடைக்கும்" என்று கேட்டவர்களை விட்டுவிட்டேன். அதைக் கேட்பவர்கள் யாரும் அடுத்த மாதம் கூண்டைக் கழுவப் போவதில்லை.

தண்டையார்பேட்டை: அண்ணே, எங்க குட்டி பேர் சொன்னா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது. "கறுப்பா, கறுப்பா"னு தெருவே கேட்கிற மாதிரி கத்துறோம். அது தண்ணித் தொட்டி மேல உட்கார்ந்து கொட்டாவி விடுது.

முதலில் கத்துவதை நிறுத்துங்கள் தம்பி. அந்தப் பேரை எப்போதெல்லாம் சொல்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். குளிப்பாட்ட, நகம் வெட்ட, சங்கிலி போட, திட்ட. அதைக் கேட்டு ஓடிவர அதற்கு என்ன தலையெழுத்தா?

வயிறு நிறைந்த புறாவைப் புறாக்காரர் யாரும் பறக்க விட மாட்டார். லேசான பசியோடு விட்டு, தீனி டப்பாவை ஆட்டினால் தானாக இறங்கும். நீங்களும் ஒரு பழைய பால் பவுடர் டப்பாவில் கொஞ்சம் சோளம் போட்டு ஆட்டுங்கள். முதலில் டிராகன் பக்கத்திலேயே இருக்கும்போது ஆட்டுங்கள். ஆட்டின உடனே வாயில் காரப்பொடி என்கிற சின்ன மீன் ஒன்று. அப்புறம் நாலடி தள்ளி நின்று ஆட்டுங்கள், அப்புறம் மாடியின் மறுகோடியிலிருந்து. வந்து சேர்ந்த நொடியில் மீன் வாய்க்குள் போயிருக்க வேண்டும். நீங்கள் ஃபிரிட்ஜைத் திறந்து, கவரைப் பிரித்து, மீனைத் தேடி எடுத்துக் கொடுத்தால் அது கவரின் சரசரப்புக்குத்தான் பழகும். அதன் பிறகு பக்கத்து வீட்டில் யார் கவரைப் பிரித்தாலும் அங்கே போய் நிற்கும்.

இன்னொன்று: டப்பாவை ஆட்டி வரவழைத்துவிட்டுக் குளிப்பாட்டக் கூடாது. குளிப்பாட்ட வேண்டுமென்றால் நீங்களே போய்த் தூக்கி வாருங்கள்.

ராயபுரம்: தும்மினாலே தீ வருகிறது. போன வாரம் ஹவுஸ் ஓனர் அம்மா காயப்போட்டிருந்த வடகம், விரித்திருந்த புடவையோடு கருகிவிட்டது. வாயைக் கட்டிவிடலாமா?

கட்டவே கூடாது. உள்ளே கூடுகிற சூடு எங்கேயாவது வெளியே போயாக வேண்டும்.

பாம்பார்டியர் வண்டு என்று ஒன்று உண்டு. ஹைட்ரோகுவினோன், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டையும் வயிற்றில் ஒரு பையில் வைத்திருக்கும். ஆபத்து வந்தால் அதைப் பக்கத்து அறைக்குத் தள்ளும். அங்கே இருக்கும் நொதி பட்டதும் கலவை கொதித்து, ஏறக்குறைய 100 டிகிரி சூட்டில் பின்பக்கமாகப் பீய்ச்சும். விரல்நுனி அளவு பூச்சி, தன்னைச் சுட்டுக்கொள்ளாமல் எதிரியின் பக்கம் குறி வைக்கிறது. உங்கள் வீட்டு மகாராசனால் மட்டும் முடியாதா?

தீயே விடாதே என்று அதற்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கேட்டால் மட்டும் விடு என்று பழக்கலாம். தும்மல் வரும்போது மூக்கு விரிந்து, தொண்டைக்குக் கீழே தோல் சிவக்கும். அதற்குக் காத்திருங்கள். தீ வந்த அந்தக் கணத்தில் ஒரு விசில், உடனே மீன். தீ விட்டால் மீன் என்று அதற்குப் புரிந்ததும், சும்மா சும்மா ஊதிக் காட்டும். பயப்படாதீர்கள், அதுதான் நமக்கு வேண்டும். இப்போது கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். கை தூக்கியிருக்கும்போது விட்ட தீக்கு மீன் உண்டு, தூக்காதபோது விட்டால் ஒன்றும் கிடையாது, திட்டுகூடக் கிடையாது. கூலி இல்லாத வேலையை டிராகன் செய்யாது. 1960-களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையரும் விசிலும் மீனும்தான் வைத்திருந்தார்.

இடம் முக்கியம். விடியற்காலையில் கடற்கரைக்குப் போங்கள். அந்த நேரத்தில் காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடல் பக்கம் வீசும், பொறி பறந்தாலும் தண்ணீரில் விழும். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஊருக்குள் திரும்பிவிடும், அப்போது வேண்டாம். படகும் வலையும் இல்லாத ஈர மணலாகப் பாருங்கள். நனைத்த சாக்கும் ஒரு வாளி மணலும் கூட இருக்கட்டும். தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகள், மணலி சுத்திகரிப்பு ஆலை இருக்கும் திசைக்கே கூட்டிப் போகாதீர்கள். மணலியில் ஆலைக் குழாய் உச்சியில் எரிகிற தீயைப் பார்த்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கும்.

கொருக்குப்பேட்டை: நாங்கள் எல்லாரும் ஒழுங்காகத்தான் பழக்குகிறோம். பாட்டி மட்டும் சாப்பிடும்போது அப்பளத்தை ஒடித்துப் போடுகிறார். இப்போது தட்டு எடுத்தாலே வந்து முட்டுகிறது.

பாட்டி தினமும் போடுகிறாரா, எப்போதாவது போடுகிறாரா? எப்போதாவது என்றால் சிக்கல் பெரிது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்தே இதைப் பார்த்தார். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரம் கொத்துவதை நிறுத்திவிட்டது. எப்போதாவது கிடைத்துப் பழகிய புறா, நின்ற பிறகும் விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுக்கு வழிகாட்டவும் இதே ஸ்கின்னர் புறாக்களைப் பழக்கினார், போரில் அவை பயன்படவில்லை. நல்லவேளை.

அதனால் பாட்டியைத் தடுக்காதீர்கள், அவரிடம் வேலையைக் கொடுங்கள். டிராகன் போய்த் தன் சாக்கில் படுத்தால் மட்டும், படுத்த இடத்திலேயே அப்பளம். முட்டினால் அன்றைக்கு அப்பளமே கிடையாது, பாட்டிக்கும்தான். பாட்டிகள் இதில் கெட்டிக்காரர்கள். என் வீட்டு டிராகனை என் அத்தை இரண்டே வாரத்தில் வாசற்படி தாண்டாமல் உட்கார வைத்தார்.

புதுவண்ணாரப்பேட்டை: மீன்பிடித் தடைக்காலத்தில் மீனுக்கு எங்கே போவது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, விலை ஏறும். கட்டுமரம், ஃபைபர் படகு போகும் என்பதால் சின்ன மீன் வரத்தான் செய்யும். எப்படியும் பயிற்சிக்கு வஞ்சிரம் தேவையில்லை. மத்தியைக் கட்டைவிரல் அளவுக்கு நறுக்கினால் ஒரு மீனில் பல தடவை பாராட்டலாம். கருவாடு கொடுக்காதீர்கள். உப்பு ஏறித் தண்ணீர் கேட்டு உயிரை எடுக்கும்.

ராயபுரம், இன்னொருவர்: தூரத்தில் விட்டால் வீடு திரும்பி வருமா? பந்தயம் விட ஆசை.

வரும், ஆனால் படிப்படியாகத்தான். பந்தயப் புறாக்கள் சூரியனையும் பூமியின் காந்தப்புலத்தையும் வைத்துத் திசை பிடிக்கின்றன. பழகின பாதையில் சாலையையும் தண்டவாளத்தையும் ஒட்டியே பறப்பதும் உண்டு. நமக்குக் கும்மிடிப்பூண்டி லைன் இருக்கும்போது என்ன கவலை? முதலில் திருவொற்றியூரில் விடுங்கள். சரியாக வந்தால் எண்ணூர், அப்புறம் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி. ஒரு இடத்திலிருந்து தடுமாறாமல் வரும்வரை அடுத்த ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன், பசியோடு விட வேண்டும். வீட்டில் ஒருவர் டப்பாவோடு மாடியில் நிற்க வேண்டும். ராயபுரம் ஸ்டேஷன் 1856-ல் திறந்த கட்டடம். அந்தத் தூண் வரிசை மேலிருந்து நன்றாகத் தெரிவதால் உங்கள் டிராகனுக்கு நல்ல அடையாளம். அதன் கூரையில் உட்கார மட்டும் பழக்காதீர்கள்.

தண்டவாளத்தை ஒட்டிப் பறக்கட்டும், மேலே போகும் கம்பியில் இறங்கக் கூடாது. அதில் 25,000 வோல்ட் ஓடுகிறது. காக்கை உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடும். டிராகனின் இறக்கை கம்பியிலும் கம்பத்திலும் ஒரே நேரத்தில் பட்டால் அதோடு கதை முடிந்தது. சூலூர்ப்பேட்டைக்கு அந்தப் பக்கமும் வேண்டாம். அங்கே ஸ்ரீஹரிகோட்டா. வாலில் தீயோடு மேலே போகிற ஒன்றைப் பார்த்துவிட்டால் நம்முடையது அதன் பின்னாலேயே போய்விடும்.

அத்திப்பட்டு: அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்துத் தினமும் உறுமுகிறது.

சிவப்பு வெள்ளைப் பட்டை போட்டு, தலையில் புகையோடு நிற்கிறது. தன்னைவிடப் பெரிய சொந்தக்காரன் என்று நினைக்கிறது போல. கிட்டே கூட்டிப்போய் "பார், ஒன்றுமில்லை" என்று காட்டாதீர்கள், பயம்தான் ஏறும். உறுமாத தூரம் எதுவோ அங்கே நில்லுங்கள். புகைபோக்கியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மீன். சில நாள் கழித்துப் பத்தடி முன்னால். உறுமினால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், பத்தடி பின்னால் வாருங்கள்.

வியாசர்பாடி: கேரம் விளையாடும்போது வந்து காயை எடுத்துக்கொண்டு போகிறது. பவுடர் மூக்கில் ஏறித் தும்மினால் போர்டு எரியுமே என்று பசங்கள் பயப்படுகிறார்கள்.

கேரம் பவுடர் பெரும்பாலும் போரிக் ஆசிட். அது தீப்பிடிக்காது, தீயை மட்டுப்படுத்துகிற பொருட்களில்கூடச் சேர்ப்பார்கள். ஆனால் வயிற்றுக்குள் போனால் கெடுதல், நக்க விடாதீர்கள். பவுடரைத் துடைத்துவிட்டு, காய் திருடுவதையே விளையாட்டாக மாற்றுங்கள். இரண்டு கிண்ணம் வையுங்கள். சிவப்புக் காயைத் தன் கிண்ணத்தில் போட்டால் மீன், மற்ற காய்க்கு ஒன்றுமில்லை. அது பிடிபட்டதும் கறுப்பு, அப்புறம் வெள்ளை. ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். இன்னும் வேண்டும் என்று அது கேட்கிற கட்டத்தில் முடித்தால்தான் மறுநாள் தானாக வரும். உங்கள் தெருவில் யாராவது உலகக் கோப்பை ஜெயித்தால் பயிற்சியாளர் நான்தான் என்று டிராகன் சொல்லிக்கொள்ளும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, நம்ம வடசென்னை செரியன் நகர்ப் பொண்ணு.

திருவொற்றியூர்: எண்ணூர் முகத்துவாரத்தில் குளிப்பாட்டலாமா? தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்குமாமே.

வேண்டாம் அக்கா. அந்தப் பக்கம் அனல்மின் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வேறு பரவியது. தீ விடுகிற பிராணியை எண்ணெய்ப் படலத்தில் இறக்குவதா? வீட்டு அடிபம்பே போதும். குடத்தை அதன் முன்னால் வைத்தால் தண்ணீரை அதுவே சூடாக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் குடம் வேண்டாம், சொல்லிவிட்டேன்.

பெரம்பூர்: பட்டத்தோடு விளையாட விடலாமா? துரத்துவதில் அவ்வளவு ஆர்வம்.

மாஞ்சா நூல் சென்னையில் தடை செய்யப்பட்டது. தடை இல்லாவிட்டாலும் நான் விடச் சொல்ல மாட்டேன். பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அறுத்த நூல் இறக்கைச் சவ்வை விடுமா? மூங்கில் கழியில் ஒரு துணியைக் கட்டி மாடியிலேயே ஓட்டுங்கள்.

ஓட்டேரி: டிராகன் எல்லாம் பணக்கார வேலை. கிளியோ உடும்போ பிடித்துப் பழக்கினால் என்ன?

சிறைக்குப் போகலாம். பச்சைக்கிளி, உடும்பு இரண்டுமே 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். சட்டத்தில் டிராகன் பேர் இல்லாததால்தான் நான் இவ்வளவு பேசிக்கொண்டிருக்கிறேன்.

எருக்கஞ்சேரி: தீ விடுகிற டிராகன் லட்சுமி வெடிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போகிறது. மானம் போகிறது அண்ணே.

தீக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? தன் தீயை அது தானாக விடுகிறது, வெடி கேட்காமல் வருகிறது. இப்போதே தொடங்குங்கள். போனில் வெடிச் சத்தத்தை மிக மெதுவாக வைத்துக்கொண்டு தீனி போடுங்கள். சாப்பிடுவதை நிறுத்தாத அளவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றுதான் வெடிக்க அனுமதி. நம் தெருவில் அதை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் அன்றைக்கு முழுவதும் உள் அறை, மின்விசிறி, டிவி. கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள். அங்கேயே மீனைத் தள்ளிவிடுங்கள்.

மூலக்கொத்தளம்: மச்சான் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குக் கேட்கிறார்கள். மாப்பிள்ளை மேலே உட்கார வேண்டுமாம். முன்பணம்கூடக் கொடுத்துவிட்டார்கள்.

பேண்டு வாத்தியம், சரவெடி, ஜெனரேட்டர் டீசல், பட்டு வேட்டி. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.