நிக்கான், கேனான் போன்ற கேமரா நிறுவனங்கள் சொல்லும் கார்பன் குறைப்பு இலக்குகளை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் சதவீதத்தைப் பார்க்கும் முன், எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். கல்யாணப் படம் எடுப்பது என் தொழில், கையில் இருப்பது நிக்கான். அதனால் அவர்கள் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

சொந்தத் தொழிற்சாலைகளில் எரிக்கும் எரிபொருள், வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம், இந்த இரண்டாலும் வரும், பூமியைச் சூடாக்கும் வாயுக்களை 2030 நிதியாண்டுக்குள் 71.4 சதவீதம் குறைப்பதாக நிக்கான் இலக்கு வைத்தது. இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்பிடிஐ அமைப்பும் அதை ஏற்றுக்கொண்டது. ஒப்பிட்டது 2013 நிதியாண்டோடு.

அந்த 2013 ஜப்பானுக்குச் சாதாரண வருடம் இல்லை. 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு அணு உலைகள் ஒவ்வொன்றாக நின்று, 2013 செப்டம்பரில் ஓடுகிற உலை ஒன்றுகூட இல்லை. நிலக்கரியும் எரிவாயுவும்தான் அந்த இடத்தை நிரப்பின. அதே ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் புகை அதிகம். அப்புறம், அந்த வருடம் உலகச் சந்தைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 6 கோடிக்கு மேல். 2020-ல் அது 90 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. செல்போன் செய்த வேலை. சீனாவின் வூசி நகரில் இருந்த தொழிற்சாலையை நிக்கான் 2017-லேயே மூடியது. ஆக, அந்தக் குறைப்பில் ஒரு பங்கு சூரியத் தகடும் காற்றாலையும் கொண்டுவந்தது அல்ல, தொழில் சுருங்கியதாலும், ஒப்பிடும் 2013-ன் புகைக் கணக்கே உயர்ந்திருந்ததாலும் வந்தது.

இதை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஜப்பான் அரசின் 46 சதவீத இலக்கும் 2013-ஐ வைத்துத்தான். ஆனால் கேனான் 2022-ஐ அடிப்படையாக எடுத்திருக்கிறது. 2030-க்குள் சொந்த உமிழ்வில் 42 சதவீதமும், வாங்கும் பொருள்கள், விற்ற பொருள்களின் பயன்பாடு ஆகியவற்றின் உமிழ்வில் 25 சதவீதமும் குறைக்க வேண்டும். 2022-ல் கேமரா சந்தை ஏற்கெனவே அடிமட்டத்தில் இருந்தது. அதனால் 71.4-ஐ விட இந்த 42 எனக்குக் கனமாகத் தெரிகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த எண்கள் கேமராவுக்கு மட்டும் உரியவை அல்ல. கேனான் பிரிண்டரும் ஜெராக்ஸ் மெஷினும் விற்கிறது. சிப் தயாரிக்கும் பிரமாண்ட இயந்திரங்களை இரண்டு நிறுவனங்களுமே செய்கின்றன. அவையெல்லாம் வாங்கியவர் இடத்தில் கரண்டைக் குடிப்பவை. கேமரா அப்படி இல்லை, பேட்டரி சார்ஜ் செய்ய எவ்வளவு ஆகிவிடும்? அதன் சுமை பெரும்பாலும் தயாரிப்பில்தான். லென்ஸ் கண்ணாடியை ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். பாடிக்கு மெக்னீசியம் கலவை. படத்தைப் பதிவு செய்யும் சென்சார் போன்ற சிப்கள் செய்யும் இடங்களில் புளோரின் வாயுக்கள் பயன்படுகின்றன. அவற்றில் சல்பர் ஹெக்சாபுளோரைடு எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப்போல 20 ஆயிரம் மடங்குக்கு மேல் சூடேற்றும். பல நிறுவனங்கள் சென்சாரை சோனியிடம் வாங்குவதால், அந்தப் புகை அவர்களுடைய 'வாங்கிய பொருள்' கணக்கில்தான் வரும். சோனி தன் நிகர பூஜ்ய இலக்கை, அதாவது வெளியிடும் வாயுவைக் குறைத்து மிச்சத்தையும் ஈடுகட்டும் இலக்கை, 2050-லிருந்து 2040-க்கு முன்னால் கொண்டுவந்ததை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

சுமை தயாரிப்பில் இருக்கிறதென்றால், ஒரு கேமரா எத்தனை வருடம் உழைக்கிறது என்பதுதான் முக்கியம். இதில் நிக்கானைப் பாராட்டவும் வேண்டும், கோபப்படவும் வேண்டும். 1959-ல் வந்த எஃப் மவுன்ட்டை, அதாவது லென்ஸைக் கேமராவில் மாட்டும் அமைப்பை, இத்தனை காலம் காப்பாற்றினார்கள். பழைய லென்ஸ்கள் பலவற்றை அடாப்டர் போட்டு உள்ளே கண்ணாடி இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்களிலும் மாட்டலாம். அதே நிறுவனம்தான் அமெரிக்காவில் 2012-ல் தனி ரிப்பேர் கடைகளுக்கு உதிரிபாகம் விற்பதை நிறுத்தியது. 2020 மார்ச்சோடு அங்கீகாரம் பெற்ற வெளிக் கடைகளின் ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டது. ஷட்டர் மாற்றினால் இன்னும் சில வருடம் ஓடக்கூடிய கேமரா, பார்ட்ஸ் கிடைக்காமல் பீரோவுக்குள் போகிறது. அதற்குப் பதிலாக ஒரு புதுசு தயாராகிறது. இது எந்தச் சதவீதத்திலும் தனியாகத் தெரியாது. ஒரு மாடலை நிறுத்திய பிறகு எத்தனை வருடம் பார்ட்ஸ் கொடுப்போம், யார் யாருக்குக் கொடுப்போம் என்பதையும் காலநிலை இலக்குகளோடு சேர்த்து எழுதச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.