சம்பூரில் இழந்தது கிரபீனா?

அன்புள்ள ஐயா,

நிலக்கரிக் கழிவிலிருந்து கிரபீன் (காபன் அணுக்கள் ஒரே அடுக்காக அமைந்த மெல்லிய தாள்) போன்ற நனோ காபன் பொருட்களைச் செய்கிறார்கள் என்று படித்தேன். 2016இல் கைவிடப்பட்ட சம்பூர் நிலக்கரி அனல்மின் நிலையத்தை எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். அது வந்திருந்தால் அந்தச் சாம்பலே எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தொழிலாகியிருக்குமோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. உயர்தர மாணவர்கள் இதைச் செயற்றிட்டமாக எடுக்கலாமா?

- விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், மூதூர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனத்தை அலட்டிக்கொள்ளாதீர்கள். செய்தி பொய்யில்லை, ஆனால் அதில் சொல்லப்படும் கழிவு வேறு, சம்பூரில் குவிந்திருக்கக்கூடிய கழிவு வேறு. சுரங்கத்தில் நிலக்கரியைக் கழுவும்போது ஒதுங்கும் தூளும் சேறும் இன்னும் எரிக்கப்படாதவை. காபன் அவற்றில் அப்படியே இருக்கிறது. சம்பூரை ஒட்டிய கொட்டியாரக்குடாவுக்குக் கப்பலில் நிலக்கரி வந்திருக்கும், அந்தச் சேறு வந்திராது. மின் நிலையச் சாம்பலோ எரிந்து முடிந்த பொருள்: பெரும்பகுதி சிலிக்கா, அலுமினா, இரும்பு ஒட்சைட்டு. காபன் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. மிஞ்சிய சொற்பத்தில் கிரபீன் எடுக்கப் புறப்படுவது, அடுப்புச் சாம்பலைக் கிளறி விறகு பொறுக்குகிற வேலை.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டுவர் குழு 2013இல் கிரபீன் குவாண்டம் புள்ளிகளை எடுத்ததும் நிலக்கரியிலிருந்துதான். தூளாக்கிய நிலக்கரியைச் செறிந்த சல்பூரிக், நைத்திரிக் அமிலக் கலவையில் இட்டு, 100 அல்லது 120 பாகை செல்சியஸில் ஒரு நாள் முழுவதும் சூடாக்கினார்கள். பிறகு காரம் சேர்த்து நடுநிலையாக்கி, உப்பு வெளியேறும்வரை மென்சவ்வுப் பையில் கட்டி நாட்கணக்காக நீரில் விட்டார்கள். பையில் எஞ்சியவை நனோமீற்றர் கணக்கிலான துணுக்குகள். புறஊதா ஒளி பட்டால் ஒளிர்பவை. அழகான இரசாயனம், மறுக்கவில்லை. அத்தனை அமிலமும் உப்புநீரும் எங்கே போகும் என்று மட்டும் செய்தி எழுதுகிறவர்கள் வாய் திறப்பதில்லை. 2020இல் அதே குழு அமிலமே இல்லாமல், மின்சாரம் பாய்ச்சிக் கண நேரத்தில் ஏறத்தாழ 3000 கெல்வினுக்குச் சூடாக்கிக் கிரபீன் செய்தது. அங்கும் மூலப்பொருளில் காபன் நிறைந்திருக்க வேண்டும்.

500 மெகாவாற் நிலையம் ஒன்றின் சாம்பலைப் பேரளவில் வாங்கக்கூடியது சீமெந்துத் தொழில்தான். கிரபீன்தான் வேண்டுமென்றால், நம் நாட்டுப் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் காபன் 90 வீதத்துக்கு மேலுள்ள காரீயம் (கிரபைற்று) நிலத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை விட்டுச் சாம்பலுக்கு ஏங்குவானேன்?

மாணவர்கள் நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் சாம்பல் சிறிது பெற்று, உலர்த்தி நிறுத்து, மூசையில் நன்றாகச் சூடாக்கி மறுபடி நிறுக்கட்டும். குறையும் நிறை பெரும்பாலும் மின் நிலையத்தில் எரியாமல் மிஞ்சிய காபன். இன்னும் கொஞ்சத்தை நீரில் தூவினால் வெளிறிய படலம் மிதக்கும். நுணுக்குக்காட்டியில் உள்ளீடற்ற சின்னஞ்சிறு கோளங்கள் தெரியும். அமிலப் பரிசோதனை மட்டும் வேண்டாம். கரியோடு சூடான நைத்திரிக் அமிலம் சேர்ந்தால் கபில நிறத்தில் நைதரசன் ஈரொட்சைட்டு கிளம்பும். புகைபோக்கிப் பெட்டி இல்லாத ஆய்வுகூடத்தில் அதை மாணவர்கள் சுவாசிக்க நேரும்.