பேபி உல்லில் சாயம் ஏன் ஏறவில்லை? நூல் வாங்குவோர் கேள்வி-பதில்

வெள்ளை 'பேபி உல்' நாலு உருண்டை வாங்கி, வினிகரும் கேசரிப் பவுடரும் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்தேன். அலசியதும் நிறமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகி, ராயபுரம்

முதலில் லேபிளைப் பாருங்கள். நம்மூர்க் கடைப்பேச்சில் பின்னுகிற தடித்த நூல் எல்லாமே 'உல்லன் நூல்'தான். வாயால் 'உல்' என்று சொல்லி விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக், அதாவது பெட்ரோலியத்திலிருந்து செய்த இழை. லேபிளில் '100% அக்ரிலிக்' என்று சிறிய எழுத்தில் இருந்தால் சட்டப்படி கேட்க அதிகமில்லை. 'பியூர் உல்' என்று அச்சிட்டு அக்ரிலிக்கை உள்ளே வைத்திருந்தால் கதை வேறு. அது பொய்யான விவரம் சொல்லி விற்பது, பணம் திரும்பக் கேட்கலாம்.

லேபிளே இல்லையா? எரித்துப் பாருங்கள். ஒரு சாண் நூலை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்து, நுனியில் தீ காட்டுங்கள். அசல் கம்பளி தயங்கித் தயங்கி எரியும், முடி கருகும் வாடை வரும், மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம் போலச் சட்டென்று எரிந்து, மெத்தென்ற சாம்பல் விடும். அக்ரிலிக் கரும்புகை விட்டு உருகும். ஆறியதும் நசுங்காத கறுப்பு மணியாக நிற்கும். முடி வாடையும் வந்து கெட்டி மணியும் நின்றால் கலப்பு நூல். உருகிச் சொட்டுவது தோலில் ஒட்டிக்கொள்ளும், கையில் பிடித்து எரிக்காதீர்கள்.

உங்கள் முறையில் பெரிய தவறு இல்லை, நூல்தான் தவறு. வினிகரின் புளிப்பில் கம்பளி இழைக்கு நேர்மின்னூட்டம் வருகிறது, எதிர்மின்னூட்டமுள்ள கேசரிச் சாயம் அதைப் பிடித்துக்கொள்கிறது. அக்ரிலிக்கில் அப்படி ஒட்ட இடமே கிடையாது. அதற்கான சாயங்கள் வேறு. கொதிநிலையில், காற்றோட்டமுள்ள பட்டறையில் போட வேண்டியவை. வீட்டு அடுப்படி அதற்கு இடமல்ல. அந்த நாலு உருண்டையை வெள்ளையாகவே பின்னிவிடுங்கள்.

அடுத்த முறை அசல் கம்பளி 100 கிராம் கிடைத்தால்: அரை மணி நேரம் ஊறவையுங்கள். 2 லிட்டர் தண்ணீரில் வினிகர் 80 மில்லி, சாயம் 1 கிராம். ஃபுட் கலர் என்றால் 2, 3 கிராம்கூட ஆகலாம். அதில் உண்மையான சாயத்தின் பங்கு பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். மெல்லச் சூடேற்றி, கொதி வருவதற்கு முன் தணித்து, அந்தச் சூட்டிலேயே அரை மணி நேரம் வையுங்கள். பாத்திரத்துத் தண்ணீர் தெளிந்துவிட்டால் சாயம் முழுக்க ஏறிவிட்டது. நடுவில் கிளறக் கூடாது, சூட்டோடு எடுத்துக் குழாயடியில் காட்டவும் கூடாது. கம்பளி இழையின் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு நூலே ஜமுக்காளமாகிவிடும். பாத்திரத்திலேயே ஆறவிடுங்கள்.

பருத்திச் சிட்டத்துக்கு (வளையமாகச் சுற்றிய நூல்) 'கோல்டு (Cold) பிராண்ட்' சாயம் போடுகிறேன். ஒரு பக்கம் அடர்த்தி, ஒரு பக்கம் திட்டுத்திட்டு. பத்துமுறை அலசியும் சாயம் போகிறது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. அதுதான் காரணமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பாதி காரணம். ஆனால் நீங்கள் நினைக்கிற உப்பு குற்றவாளி இல்லை. சாதா உப்பை நாமே இந்தச் சாயத்தில் அள்ளிக் கொட்டுகிறோம், சாயத்தை நூல் பக்கம் தள்ளுவதே அதுதான். கெடுப்பது அதே தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும். சாயம் நூலில் பிணையச் சேர்க்கும் சலவை சோடாவைப் போட்டதும் அவை வெள்ளைத் துகளாகத் திரிந்து நூல்மேல் படிகின்றன, சாயத்தையும் திரள வைக்கின்றன. திட்டு அங்கேதான் பிறக்கிறது. உப்புத் தண்ணீர் உப்பாகவே கெடுக்கும் இடம் கடைசி அலசல்: ஒட்டாத சாயத்தை வெளியேற விடாமல் நூலிலேயே பிடித்து வைக்கும். ஆகவே சாயம் கரைக்கவும் கடைசி இரண்டு அலசலுக்கும் மெட்ரோ வாட்டரோ கேன் தண்ணீரோ. நடு அலசலுக்கு போர் தண்ணீர் போதும், லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருப்பவர்கள் வீணடிக்க வேண்டாம்.

இன்னொரு காரணம் சிட்டத்திலேயே இருக்கும். தறிக்கென்று வரும் கச்சா நூலில் இயற்கை மெழுகு உண்டு, சில நேரம் கஞ்சியும். 100 கிராமுக்கு 3 லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சலவை சோடா, கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். அந்தக் கறையைப் பார்த்த பிறகு யாரும் இந்த வேலையைத் தவிர்ப்பதில்லை. சிட்டத்தை நாலு இடத்தில் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் அங்கே வெள்ளை வளையம் விழும்.

100 கிராம் பருத்திக்குக் கணக்கு: தண்ணீர் 2 லிட்டர், கல் உப்பு 100 கிராம், சோடா ஆஷ் (தூள் சலவை சோடா) 30 கிராம். சாயம் வெளிர் நிறத்துக்கு அரை கிராம், நடுத்தரத்துக்கு 2, அடர்த்திக்கு 4, கறுப்புக்கு 6 முதல் 8. ஈரச் சிட்டத்தைச் சாயத்தில் விட்டு, உப்பை மூன்று பங்காக அரை மணி நேரத்துக்குள் சேருங்கள். பிறகு சிட்டத்தை வெளியே தூக்கிவிட்டு, தனியே கரைத்த சோடாவை ஊற்றிக் கலக்கி, மறுபடி இறக்குங்கள். நூல்மேல் நேராகச் சோடா விழுந்த இடம் கறுத்துவிடும். ஒரு மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். குளிர்நாட்டுக்காரர்கள் இதற்கு வெந்நீர் வைக்கிறார்கள், நம் வெயில் அந்த வேலையைச் சும்மா செய்துவிடுகிறது.

அலசும் வரிசை முக்கியம். முதலில் பச்சைத் தண்ணீரில் உப்பும் சோடாவும் போக வேண்டும். அதன் பிறகுதான் கொதிக்கும் சூட்டில் சோப்பு போட்டுப் பத்து நிமிடம். எடுத்தவுடன் சூட்டில் போட்டால் ஒட்டாத சாயம் இன்னும் நன்றாக உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்கில் ஒழுகும். ஈர நூலை வெள்ளைத் துணியில் வைத்து அயர்ன் செய்யுங்கள். கறை இல்லையென்றால் முடிந்தது.

பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கம் சாயம் வாங்கும்போது 'ரியாக்டிவ் (இழையோடு வேதிவினை செய்து ஒட்டும் சாயம்) இருக்கா' என்று மட்டும் கேட்காதீர்கள். அதில் மூன்று வகை கைக்கு வரும்: எம் வகை அறைச்சூட்டில் வேலை செய்யும், அதுதான் கோல்டு பிராண்ட். வினைல் சல்போன் வகைக்கு 60 டிகிரி, எச்இ வகைக்கு 80 டிகிரி வேண்டும். எச்இ தூளைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுவிட்டு 'சாயம் போகிறது' என்று புலம்புவது வழக்கமான கதை. பிரித்து மடித்துத் தரும் பொட்டலத்தில் வகை எழுதி வாங்குங்கள். எம் வகை ஈரக்காற்றிலேயே செத்துப்போகும். கடலோரம் குடியிருப்பவர்கள் 50 கிராமுக்கு மேல் வாங்கி வைப்பதில் அர்த்தமில்லை, மூடி இறுகிய டப்பா கட்டாயம்.

சோடாவிலும் குழப்பம் உண்டு. ஆப்ப சோடா வேறு, இதற்கு உதவாது. சலவை சோடா சில கடைகளில் கண்ணாடி போலப் படிகமாகக் கிடைக்கும். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும் அளவு தண்ணீர்தான், ஆகவே தூள் சோடா ஆஷ் 30 கிராமுக்குப் பதில் படிகம் 80 கிராம் போட வேண்டும். தூள் சாயத்தை அளக்கும்போது ஃபேனை நிறுத்தி, முகக்கவசம் போடுங்கள். ரியாக்டிவ் தூள் சிலருக்கு இழுப்பு வரவழைக்கும். சமையல் பாத்திரம் இதற்குள் வரவே கூடாது. கழிவைத் தெரு மழைநீர் வடிகாலில் ஊற்றாமல் கழிவறையில் ஊற்றுங்கள். வடிகால் கால்வாய்க்குப் போகிறது.

பேட்டர்னில் 8 எண் ஊசி என்றிருந்தது. 8 எண் ஊசிதான் வாங்கினேன். ஸ்வெட்டர் சின்னதாகிவிட்டதே?
– வாசகி, பெரம்பூர்

அது அமெரிக்கப் பேட்டர்ன். இங்கே விற்பது பழைய பிரிட்டிஷ் எண்: 8 என்றால் 4 மி.மீ., எண் ஏற ஏற ஊசி மெலியும். 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. அமெரிக்காவில் தலைகீழ், அங்கே 8 என்றால் 5 மி.மீ. 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி கணக்கில் 90 கண்ணி போட்டால் அகலம் 50 செ.மீ. வரவேண்டும். மெல்லிய ஊசியில் 22 கண்ணி விழுந்தால் 41 செ.மீ.தான். 7 எண் மட்டும் இரண்டு ஊரிலும் 4.5 மி.மீ. எண்ணை விட்டு, மி.மீ. கேட்டு வாங்குங்கள்.

மூன்று உருண்டை போதும் என்றார் கடைக்காரர். நாலாவது வாங்கப் போனால் அதே நிறம் இல்லை. திருப்பித் தரப் போனால் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகையைக் காட்டுகிறார்.
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

துணி வெளுப்பவர்களால் பெயர் பெற்ற ஊரில் இருந்துகொண்டு லாட் நம்பர் பார்க்காமல் வாங்கலாமா! ஒவ்வொரு முறை சாயத்தொட்டி நிரப்பும்போதும் நிறம் நூலிழை மாறும். லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் லாட் எண் எல்லா உருண்டையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்போதைக்கு இரண்டு வரிசை பழைய நூல், இரண்டு வரிசை புது நூல் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் வேறுபாடு கலைந்துவிடும்.

எவ்வளவு வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். 15க்கு 15 செ.மீ. துண்டு பின்னி எடை போடுங்கள். 6 கிராம் என்றால், 150க்கு 40 செ.மீ. சால்வைக்கு 160 கிராம். பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 176, ஆக 50 கிராம் உருண்டை நாலு.

பலகை விஷயம்: வேறு லாட் என்பது குறைபாடு அல்ல, மாற்றித் தருவது கடைக்காரரின் நல்ல மனசு. ஆனால் உருண்டைக்குள் பூச்சி அரித்தோ, நடுவில் முடிச்சு முடிச்சாகவோ இருந்தால் பலகை செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறைபாடுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. ரசீது தர மறுப்பதும் அப்படியே.

ஆன்லைனில் '100 கிராம் கைச்சாயச் சிட்டம்' வாங்கினேன். தராசில் 84 கிராம். ஈரம் காய்ந்ததால் குறையும் என்கிறார்கள்.
– வாசகி, திருவொற்றியூர்

பருத்தி சாதாரணக் காற்றில் தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரம் வைத்திருக்கும், கம்பளி அதைப் போல இரண்டு மடங்கு. உங்கள் ஊர்க் கடற்காற்றில் நூல் கூடத்தான் காட்டும். 16 கிராம் குறைவுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. தராசில் வைத்த படம், லேபிள் படம், ஆர்டர் எண் மூன்றையும் சேர்த்து விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் ஆணையம்: பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 16 கிராம் நூலுக்கு அவ்வளவு தூரம் போவீர்களா என்பது வேறு விஷயம். 1915லேயே பணம் வந்துவிடவும் கூடும்.

தோழிகள் பத்துப் பேர் பொங்கலுக்குக் கைவேலைப் பரிசு மாற்றிக்கொள்கிறோம். போன தடவை ஒருவர் அனுப்பிய சிவப்புத் தோரணம் எனது வெள்ளை மேசைவிரிப்பைக் கெடுத்தது, ஒரு பார்சல் காணாமலே போனது. எப்படி ஒழுங்குபடுத்துவது? நுகர்வோர் கோர்ட் இதைக் கேட்குமா?
– வாசகி, வியாசர்பாடி

கேட்காது. நீங்கள் காசு கொடுத்து வாங்கவில்லை, அவர் வியாபாரமும் செய்யவில்லை. ஆகவே தொடங்கும்போதே பேசிவையுங்கள். ரூபாய் வரம்பு சண்டை மூட்டும். நூல் எடையில் வரம்பு வையுங்கள், ஆளுக்கு 100 கிராம் என்பது நல்ல அளவு. ஒவ்வொரு பரிசிலும் ஒரு துண்டுச்சீட்டு: எந்த இழை, எவ்வளவு கிராம், என்ன சாயம், எப்படித் துவைப்பது. கைச்சாயம் என்றால் அயர்ன் சோதனை செய்ததா என்பதும். மஞ்சள்தூளில் சாயமிட்டதை வெயிலில் மாட்டினால் வெளுக்கும், சோப்பு பட்டால் சிவக்கும். அதையும் எழுதிவிட வேண்டும்.

சென்னைக்குக் கம்பளி மப்ளர் அனுப்பி என்ன செய்ய? பருத்தியில் பை, கைப்பிடித் துணி, தோரணம் என்று போங்கள். கைக்குழந்தைக்கென்றால் பொத்தான் கண்ணும் குஞ்சமும் வேண்டாம், கண்ணை நூலாலேயே தைத்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகே பாலித்தீனில் இடுங்கள். ஈரத்தோடு அடைத்தால் போய்ச் சேரும்போது பூசணம் பிடித்திருக்கும்.

பார்சலுக்கு ரசீதில் கண்காணிப்பு எண் உள்ள வழி மட்டும். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது, அதையே கேளுங்கள். எண்ணைக் குழுவில் படமாகப் போட்ட பிறகுதான் 'அனுப்பியாச்சு' என்று கணக்கு.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் தோழியையும் சேர்ப்பதானால் ஒன்று: வெளிநாட்டிலிருந்து தபாலிலோ கூரியரிலோ வரும் பரிசுக்கு முன்பு இருந்த சுங்கச் சலுகை 2019 டிசம்பரோடு போய்விட்டது, ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் விலக்கு. 'கிஃப்ட்' என்று எழுதி வந்தாலும் முழு வரி கட்ட நேரிடும். அவர் அங்கிருந்து பேட்டர்ன் எழுதி அனுப்பட்டும், நூலை இங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.