அரைக்கட்டை குறைவு

வணக்கம் சார்,

பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பம் வந்து 50 வருஷம் ஆனதை ஒட்டி, 2025 டிசம்பரில் அதைப் பெரிய பெட்டியாகத் திரும்ப வெளியிட்டார்கள் அல்லவா? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். 'அதே ஐந்து பாட்டை எத்தனை தடவைதான் விற்பார்கள்' என்கிறது ஒரு கட்சி. நாலாபக்கமும் மேலேயும் இருந்து சத்தம் வருகிற அட்மாஸ் மிக்ஸில் கேட்டு அழுதுவிட்டோம் என்கிறது இன்னொன்று. நானும் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன். எல்லாம் துல்லியமாக இருக்கிறது, ஆனால் பழைய கேசட்டில் இருந்த உயிர் இதில் இல்லை. இப்படி மறுவெளியீடு செய்வது கலைக்குச் செய்யும் துரோகம் இல்லையா? பெட்டியை வாங்கலாமா, வேண்டாமா? அப்புறம், நம்ம பாட்டு இவ்வளவு இருக்க, நீங்கள் ஏன் வெள்ளைக்காரன் பாட்டைப் பற்றியே எழுதுகிறீர்கள் என்று என் மனைவி கேட்கச் சொன்னார்.

ரா., குடியாத்தம்

அன்புள்ள ரா.,

உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது. என்னிடம் பதில் இல்லை. அவருக்கு என் வணக்கம்.

துரோகம் என்ற பேச்சை விடுங்கள். கம்பெனி சரக்கு விற்கிறது. பிடிக்காவிட்டால் வாங்காதீர்கள், உங்களிடம் இருக்கும் பழையதை யாரும் வீடு தேடி வந்து பிடுங்கப் போவதில்லை. அதே ஐந்து பாட்டு என்பதும் பாதிதான் உண்மை. தலைப்புப் பாட்டுக்காக ஸ்டெஃபான் கிராப்பெல்லி என்ற பிரெஞ்சு ஜாஸ் கலைஞர் வயலின் வாசித்திருந்தார். 1975 இசைத்தட்டில் அது காதில் விழாத அளவுக்கு அமுங்கிப் போனது. 2011 பதிப்பில்தான் முழுசாகக் கேட்கக் கிடைத்தது. 36 வருஷம் ஒரு வயலின் டேப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை, 1975 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த கச்சேரி ஒன்று கூட வருகிறது. மைக் மில்லார்ட் என்ற ரசிகர் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தது. நன்றாக நடக்கக்கூடிய மனுஷன், கச்சேரிகளுக்குச் சக்கர நாற்காலியில் போய் அதற்குள் ரெக்கார்டரை ஒளித்துவைப்பாராம். அந்தத் திருட்டு டேப்பை ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் சுத்தம் செய்து கொடுக்க, இப்போது கம்பெனியே விற்கிறது. யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னை எழுத உட்காரவைத்தது உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே ஒரு சொல். உயிர். ஒரு மாசமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், சரியாக உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். 'உயிர் இல்லை' என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு காதைத் தீட்டிக் கேட்க வேண்டியதில்லை. என்ன குறைகிறது? சத்தம் ஏறியிருக்கிறதா? டிரம்ஸ் முன்னால் வந்துவிட்டதா? குரல் ஒதுங்கிவிட்டதா? ஒன்றும் சொல்லவில்லை நீங்கள். 2008-இல் மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் குழுவின் 'டெத் மேக்னட்டிக்' ஆல்பம் வந்தபோது ரசிகர்கள் கத்தினார்கள். ஆனால் எப்படிக் கத்தினார்கள்? மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே உயரத்துக்கு வரும்படி அமுக்கி, முழுக்க சத்தத்தை ஏற்றிவிட்டார்கள், அதனால் பாட்டு கிழிகிறது. 'கிட்டார் ஹீரோ' என்ற விளையாட்டில் வந்த அதே பாட்டுகளில் அந்தக் கிழிசல் இல்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று காட்டினார்கள். அது புகார். கும்பாபிஷேகம் என்று கல்தூணில் மணலைப் பீய்ச்சி அடித்து உளித்தடத்தை அழிக்கிறார்களே, அதைப் பார்த்துக் கத்துகிற மாதிரி, விரல் வைத்துக் காட்டக்கூடிய புகார்.

உயிர்க் கட்சியின் கதை வேறு. மொபைல் ஃபிடெலிட்டி என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி. மூல டேப்பிலிருந்து இசைத்தட்டு போடுகிறோம் என்று சொல்லி அதிக விலைக்கு விற்கிறவர்கள். நடுவில் டிஜிட்டல் என்ற பேச்சே கிடையாது என்று ரசிகர்கள் நம்பினார்கள். அந்தத் தட்டுகளில் மட்டும்தான் கதகதப்பு இருக்கிறது, டிஜிட்டலில் வராத உயிர் இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். 2022-இல் இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். கம்பெனியின் பொறியாளர்களே ஒத்துக்கொண்டார்கள்: 2011-இலிருந்தே பல தட்டுகளுக்கு நடுவில் டிஜிட்டல் கோப்பு இருந்திருக்கிறது. பதினொரு வருஷம். ஒரு காதும் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்த மறுநாளிலிருந்து, 'அப்பவே எனக்கு ஏதோ இடித்தது' என்றார்கள்.

சிரிக்காதீர்கள். நானும் அந்தக் கட்சிதான்.

1989 கோடை. அப்பா அப்போது வேலூர் காந்தி ரோடு பக்கத்துச் சந்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் மாசக்கணக்கில் தங்குவார்கள். பாதிப் பேர் வங்காளிகள். ஸ்டவ்வும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து அறையிலேயே சமைப்பார்கள். மாடிப்படி ஏறும்போதே கடுகெண்ணெய் மூக்கில் ஏறும். அங்கே தன் அம்மாவின் வைத்தியத்துக்காக வந்திருந்த ஒரு பையன், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர், தன்னை 'தாதா' என்று கூப்பிடச் சொன்னார். அவர்கள் பக்கம் அது அண்ணன். எங்கள் தோட்டப்பாளையத்தில் தாதா என்றால் வேறு ஆள். அப்பா முதல் இரண்டு நாள் அவரைச் சந்தேகமாகவே பார்த்தார்.

தாதாவிடம் இந்த ஆல்பத்தின் கேசட் ஒன்று இருந்தது. அட்டையில் வங்காள எழுத்து. அதைக் கடன் வாங்கி லாங் பஜார் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடைக்கு ஓடினேன். காலி கேசட் வாங்கக் காசில்லை. அதனால் அம்மாவின் பக்திப் பாட்டு கேசட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். கம்பெனி கேசட்டில் அழியக்கூடாது என்று முதுகுப் பக்கத்துப் பல் இரண்டையும் உடைத்திருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் மேலேயே பதியலாம்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா விளக்கேற்றிவிட்டு டேப்ரெக்கார்டரை அமுக்கினாள். தூரத்தில் ஏதோ இரைகிற மாதிரி ஒரு கீபோர்டு. பாட்டு இனிமேல்தான் ஆரம்பிக்கும் என்று நினைத்துக் காத்திருந்தாள். அந்த ஆல்பத்தில் முதல் குரல் வர எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். இட்லி வெந்து இறக்கிவிட்டாள், அப்போதுதான் ஒருத்தன் இங்கிலீஷில் ஆரம்பித்தான். நான் வாங்கியதை இங்கே எழுத முடியாது.

ஆனால் கேளுங்கள். முதல் பக்கத்துக்கு பிங்க் ஃபிளாய்ட் 21 நிமிஷம்தான். கேசட் அதைவிடக் கொஞ்சம் நீளம். இயந்திரத்தைப் பற்றிய இரண்டாவது பாட்டு ஓய்ந்து, ஏதோ விருந்தில் ஆட்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் வருமே, அது அடங்கியதும் என் கேசட்டில் அம்மாவின் பழைய பாட்டு மிச்சம் இருந்தது. கடைசி ஒரு வரி, அப்புறம் கற்பூர ஆரத்தி மணி. டக் என்று நிற்கும். கொஞ்ச நாளில் அம்மாவுக்கும் பழகிவிட்டது. நான் நடுவில் நிறுத்தப் போனால், "டேய் இருடா, அந்தச் சிரிப்பு முடிஞ்சி மணி வரட்டும்" என்பாள். மணி வந்ததும் அடுப்படியிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

இரண்டாவது பக்கத்தில் நேர்மாறு. அங்கே பாட்டு 23 நிமிஷம், கேசட் பத்தவில்லை. கடைசியில் அறுந்துவிடும். அதுதான் முடிவு என்றே நினைத்திருந்தேன். இன்னொரு கூத்தும் உண்டு. தலைப்புப் பாட்டின் ஆரம்பத்தில் கிட்டார் சன்னமாக, வானொலியில் எங்கோ கேட்கிற மாதிரி இருக்கும், ஒரு இருமல்கூட வரும். கடைக்காரர் சரியாகப் பதியவில்லை என்று போய்ச் சண்டை போட்டேன். "தம்பி, ஒரிஜினலே அப்படித்தான்" என்றார். நம்பவில்லை. அவர் சொன்னதுதான் சரி. கார் ரேடியோவில் பாட்டு வருகிற மாதிரி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். இருமல், குழுவின் கிட்டார்காரர் கில்மருடையது.

2004-இல் முதல்முறையாக சி.டி. வாங்கிக் கேட்டேன். உங்களுக்கு வந்த அதே கோபம். யாரோ என் பாட்டை விரட்டுகிறார்கள். குரலில் கனமே இல்லை. உயிர் போச்சு என்று நானும்தான் சொன்னேன். கிட்டார் வாசிக்கிற நண்பன் ஒருவன் கேசட்டையும் சி.டி.யையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு வாசித்துப் பார்த்துவிட்டு, "உங்க டேப்ரெக்கார்டர் அரைக்கட்டை குறைச்சல்ணே" என்றான். பெல்ட் தளர்ந்து டேப் மெதுவாக ஓடியிருக்கிறது, சுருதியும் அதோடு இறங்கியிருக்கிறது. பதினைந்து வருஷம் நான் உயிர் உயிர் என்று உருகியது ஒரு தேய்ந்த ரப்பர் வளையத்துக்கு.

அதே சி.டி.யில்தான் முடிவையும் கேட்டேன். இந்தக் குழுவைத் தொடங்கிய சிட் பாரெட், மனம் சிதைந்து 1968-இல் விலகியவர். இந்த ஆல்பமே பெரும்பாலும் அவரை நினைத்துச் செய்ததுதான். 1975 ஜூனில் மொட்டைத்தலையோடு ஸ்டூடியோவுக்கு வந்து நின்றார், கூட வாசித்தவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை என்ற கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள், விடுங்கள். ஆனால் கடைசிப் பாட்டு மங்கி மறைகிற இடத்தில், குழுவின் ரிச்சர்ட் ரைட் கீபோர்டில் சிட்டின் 1967 பாட்டு ஒன்றின் மெட்டை ஒரு துளி வாசித்துவிட்டுப் போகிறார். என் கேசட் அதற்கு முன்னாலேயே அறுந்துவிட்டிருந்தது. பதினைந்து வருஷம் அந்த ஆளைப் பற்றிய பாட்டைக் கேட்டிருக்கிறேன், அவரே வந்து நிற்கிற இடத்தைக் கேட்காமல்.

தாதா அந்த ஆகஸ்டில் காட்பாடியில் ரயில் ஏறினார். அவர் அம்மா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என் அம்மா கொடுத்தனுப்பிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து ஏதோ வங்காளத்தில் சொன்னார், எனக்குப் புரியவில்லை. அதற்கப்புறம் தகவல் இல்லை.

ஆமாம், பெட்டி. பணம் இருந்தால் வாங்குங்கள். அட்மாஸ் கேட்க வீட்டில் வசதி இல்லையென்றால் பெட்டி வேண்டாம், புதுப் பதிப்பின் சாதாரண சி.டி. போதும். உங்கள் பழைய கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தால் அப்படியே போட்டு ஓட்டாதீர்கள், ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வேலூருக்கு எடுத்து வாருங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு. என் டேப்ரெக்கார்டர் இன்னும் ஓடுகிறது. பெல்ட் மாற்றவில்லை.