கார் நுழையாத சந்துக்குப் பூங்கொத்து

கேள்வி: என் தோழி குடியிருப்பது ஒரு பழைய நகரத்தின் நடுவில், கார் நுழையாத சந்தில். போன பிறந்தநாளுக்கு ஆன்லைனில் பூங்கொத்து அனுப்பினேன். போட்டோவில் பார்த்தது ஒன்று, போய்ச் சேர்ந்தது வேறொன்று. அதுவும் சாயங்காலம், வாடிப்போய். இந்த வருஷம் பூவோடு பழக்கூடையும் அனுப்ப ஆசை. எப்படி ஆர்டர் செய்வது?
- ஒரு வாசகி

பதில்: பூக்கடை நடத்தியவள் என்பதால் பட்டென்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் பணம் கட்டிய தளத்திடம் அநேகமாக ஒரு பூகூட இருந்திருக்காது. ஆர்டரைப் பிடித்து, கமிஷனைக் கழித்துக்கொண்டு, மீதியை அந்த ஊர்க் கடைக்குத் தள்ளிவிடும் தளங்கள் ஏராளம். இது புதுசும் இல்லை. அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் ஓர் ஊர் ஆர்டரை இன்னோர் ஊர்க் கடைக்குத் தந்தியில் அனுப்பிக்கொள்ள 1910-லேயே சங்கம் வைத்துவிட்டார்கள். கைக்கு வந்து சேர்ந்த தொகைக்குத்தானே கடைக்காரர் பூ வைப்பார்?

அதனால் மேப்பில் தோழி வீட்டுக்குப் பக்கத்துக் கடையைத் தேடிப்பிடித்து நேரே போன் போடுங்கள். இன்ன பூதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். "இன்றைக்கு என்ன புதுசாக வந்திருக்கிறது? பாதி விரிந்ததாகப் பார்த்துக் கட்டுங்கள்" என்று கேட்டால் கடைக்காரருக்கே உற்சாகம் வந்துவிடும். கட்டி முடித்ததும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய ஊர்களில் கதவு எண்ணை மட்டும் நம்பினால் போச்சு. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் கடைகளுக்குச் சிவப்பில் ஒரு எண்வரிசை, வீடுகளுக்கு நீலத்திலோ கறுப்பிலோ இன்னொன்று. ஒரே தெருவில் ஒரே எண் இரண்டு இடத்தில் இருக்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. வெளியூர் டெலிவரிப் பையன் என்ன செய்வான், பாவம்! எந்த முனையில் திரும்ப வேண்டும், கதவு என்ன நிறம், அழைப்பு மணியில் யார் பெயர், எல்லாம் எழுதிக் கொடுங்கள். பல பழைய நகரங்களில் சரக்கு வண்டியைக் காலையில் சில மணி நேரம்தான் உள்ளே விடுவார்கள். உங்கள் பூ சாயங்காலம் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். பக்கத்துக் கடை என்றால் ஆள் நடந்தே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

பழக்கூடையைத் தாராளமாக அனுப்புங்கள், ஆனால் தனியாக. பழுத்த ஆப்பிளும் வாழைப்பழமும் எத்திலீன் என்ற வாயுவை விடும். மூடிய பெட்டிக்குள் அது பட்டால் கார்னேஷன் இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டு தூங்கிவிடும்; ஆர்க்கிட்டும் தாங்காது. அழகாக இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே கூடையில் வைத்துச் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

தோழி பூனை வளர்க்கிறாரா? அப்படியென்றால் லில்லி வேண்டவே வேண்டாம். மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடக்கூடும். போன் எடுத்ததும் கடைக்காரரிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அன்று காலை தோழி வீட்டில் இருப்பாரா என்பதையும் நைசாகக் கறந்துவிடுங்கள். சர்ப்ரைஸ் சர்ப்ரைஸ் என்று சொல்லி, பூட்டிய கதவுக்கு வெளியே பூவைக் காயப்போட்டவர்கள் நிறையப் பேர்.